கனமான பைக்கை லோடு வண்டியில் ஏற்றுதல்

நின்றுபோன புல்லட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோகவும், வீடு மாறும்போது பைக்கை வெளியூருக்கு அனுப்பவும், வாங்கிய பழைய பைக்கை எடுத்துவரவும் பெரும்பாலும் சிறு லோடு வண்டிகளே அமர்த்தப்படுகின்றன. குட்டியானை என்று ஊரெங்கும் அழைக்கப்படும் டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப் ஆகியவை இவ்வகையில் அடங்கும். நூறு கிலோவை ஒட்டிய சிறிய பைக் என்றால் நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடுவது வழக்கம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கின் எடை 195 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 பைக்கின் எடை 241 கிலோ. இந்த எடைக்கு அந்த வழக்கம் பொருந்தாது. பாதி உயரத்தில் ஒருவர் கை தளர்ந்தாலும் மொத்த எடையும் மற்றவர்கள் மேல் சாய்ந்துவிடும்.

இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை விதி ஒன்றுதான். ஏற்றத் தொடங்குவது முதல் இறக்கி நிறுத்துவது வரை, பைக்கின் எடை எந்த நொடியிலும் மனிதக் கைகளை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. சாய்தளம், கியர், முட்டுக்கட்டை, கயிறு, பெல்ட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கைகளின் வேலை பைக்கைச் சாயாமல் நிறுத்துவதும் தள்ளுவதும் மட்டுமே.

## முதலில் அளவெடுத்தல்

லோடு வண்டியை அமர்த்துவதற்கு முன்பே நான்கு அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. பைக்கின் எடை. பைக்குடன் வந்த கையேட்டில் இருக்கும். சைடு பெட்டி, கிராஷ் கார்டு ஆகியவற்றின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.
2. பைக்கின் நீளம். கிளாசிக் 350 பைக்கின் நீளம் 2145 மி.மீ. சூப்பர் மீட்டியார் 2260 மி.மீ.
3. சரக்குத் தளத்தின் நீள அகலம். டாடா ஏஸ் கோல்டு வண்டியின் தளம் சுமார் 2200 மி.மீ. நீளமும் 1490 மி.மீ. அகலமும் கொண்டது. கிளாசிக் 350 அதில் நேராக நின்றாலும் பின்கதவுக்கும் டயருக்கும் இடையே மிஞ்சுவது ஐந்தாறு செ.மீ.தான். சூப்பர் மீட்டியார் நேராக அடங்காது. மூலைவாட்டில் நிறுத்த வேண்டும், அல்லது நீளமான தளமுள்ள பிக்கப் வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும்.
4. தரையிலிருந்து தளத்தின் உயரம். சாய்தளத்தின் நீளத்தை இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

குறிப்பு: பின்கதவைத் திறந்துபோட்டு, பின்சக்கரத்தை வெளியே நீட்டிக்கொண்டு போவது ஆபத்து மட்டுமல்ல, குற்றமும்கூட. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் இடமளிக்கிறது.

## சாய்தளம்: நீளம்தான் பாதி வேலை

சாய்தளம் எவ்வளவு நீளமாக இருக்கிறதோ, தள்ள வேண்டிய பாரம் அவ்வளவு குறையும். தளத்தின் உயரம் 2.5 அடி, பைக்கின் எடை 195 கிலோ என்று கொண்டால் கணக்கு இப்படி வரும்:

- 5 அடிச் சாய்தளம்: எடையில் பாதி, அதாவது சுமார் 98 கிலோவைத் தள்ளுவதற்குச் சமம்.
- 7.5 அடிச் சாய்தளம்: மூன்றில் ஒரு பங்கு, 65 கிலோ.
- 10 அடிச் சாய்தளம்: நான்கில் ஒரு பங்கு, சுமார் 49 கிலோ.

உராய்வுக்காக இதோடு இன்னும் சிறிது சேரும். சாய்தளம் தளத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; நான்கு மடங்கு இருந்தால் வேலை எளிது. நீளம் கூடினால் இன்னொரு நன்மையும் உண்டு. சாய்தளம் தளத்தைத் தொடும் விளிம்பில் பைக்கின் அடிப்பாகம் தட்டாது. கிளாசிக் 350 பைக்கின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 170 மி.மீ.; சூப்பர் மீட்டியாரில் அது 135 மி.மீ. மட்டுமே. செங்குத்தான சாய்தளத்தில் முன்சக்கரம் தளத்தில் ஏறியதும் எஞ்சின் அடிப்பகுதியோ சென்டர் ஸ்டாண்டோ விளிம்பில் மாட்டிக்கொள்ளும். முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் பைக் அந்தரத்தில் நின்றுவிடும்.

எதைச் சாய்தளமாகப் பயன்படுத்தலாம்

- பைக் ஏற்றுவதற்கென்றே விற்கப்படும் இரும்பு அல்லது அலுமினியச் சாய்தளம். பைக்கின் எடையையும் அதோடு ஏறும் ஆட்களின் எடையையும் சேர்த்துத் தாங்கும் திறன் அதற்கு இருக்க வேண்டும். 195 கிலோ பைக்குக்கு 400 கிலோ தாங்கும் சாய்தளம் போதும்.
- வெல்டிங் பட்டறையில் செய்துவாங்கிய சாய்தளம். மேற்பரப்பில் வழுக்காத செக்கர்டு பிளேட் இருக்க வேண்டும். மேல்முனையில் தளத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் மடிப்பு அவசியம்.
- 2 அங்குலத் தடிமனும் ஓரடி அகலமும் உள்ள, வெடிப்போ முடிச்சோ இல்லாத கெட்டி மரப் பலகை. சாரம் கட்டிப் பழசான பலகையும், பிளைவுட் துண்டும் கூடாது.

பைக்குக்கு ஒரு பாதை, ஹேண்டில்பாரைப் பிடித்து நடப்பவருக்கு இடப்புறம் இன்னொரு பாதை என இரண்டு பலகைகள் தேவை. ஒற்றைப் பலகையில் பைக் ஏற, ஆள் தரையிலேயே நடந்தால், பாதி உயரத்தில் ஹேண்டில்பார் அவர் தலைக்கு மேலே போய்விடும். அதற்குப் பிறகு பைக்கை அவரால் தாங்கிப் பிடிக்க முடியாது.

## இடம் தேர்தல்

தளத்தின் உயரத்தைக் குறைக்க இடமே உதவும். வீட்டு போர்டிகோ சாலையைவிட ஒன்றரை அடி உயரமாக இருந்தால், லோடு வண்டியைச் சாலையில் நிறுத்தி அதன் பின்புறத்தைப் போர்டிகோ பக்கம் திருப்பினாலே போதும். இரண்டரை அடி உயரம் ஓரடியாகச் சுருங்கிவிடும். மேடான வரப்பு, சாலையோரத் திட்டு, லாரி ஆபீசின் சரக்கு மேடை ஆகியவையும் இதற்கு உதவும்.

- தரை கெட்டியாக இருக்க வேண்டும். மணலிலும் சேற்றிலும் சாய்தளத்தின் கீழ்முனை நகரும்.
- லோடு வண்டி சமதரையில், அல்லது முன்பக்கம் சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். முன்பக்கம் உயர்ந்து நின்றால் ஏறிய பைக் பின்னோக்கி உருளும்.
- மழை பெய்யும்போதும் பலகை ஈரமாக இருக்கும்போதும் ஏற்றக் கூடாது. இரவில் ஏற்ற நேர்ந்தால் சாய்தளம் முழுவதும் வெளிச்சம் விழ வேண்டும்.
- சாய்தளத்தின் இருபுறமும் ஆறடி காலியாக இருக்க வேண்டும். பைக் சாய்ந்தால் ஆள் விலகிக்கொள்ளும் இடம் அதுதான்.

## தேவையான பொருள்கள்

- ராட்செட் பெல்ட் 4. ஒவ்வொன்றின் வேலைச் சுமையும் பைக்கின் எடைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெல்ட்டின் சீட்டில் இரண்டு எண்கள் இருந்தால் சிறியதுதான் வேலைச் சுமை. பெரியது அறுந்துபோகும் சுமை.
- கொக்கி பைக்கை நேராகத் தொடாமலிருக்க, துணிப் பட்டையால் ஆன வளையம் 4.
- சரக்குத் தளமும் சாய்தளமும் சேர்ந்த நீளத்தைவிடக் கூடுதல் நீளமுள்ள தடித்த கயிறு 1.
- மர முட்டுக்கட்டை 4: லோடு வண்டியின் சக்கரங்களுக்கு இரண்டு, பைக்குக்கு இரண்டு.
- சாய்தளத்தை லோடு வண்டியோடு பிணைக்கச் சிறு பெல்ட் அல்லது சங்கிலி 2.
- பழைய சைக்கிள் ட்யூப் துண்டுகள், சாக்கு, கையுறை.

குறிப்பு: நைலான் கயிறு இழுபடும். கட்டும்போது விறைப்பாகத் தெரிந்தாலும் ஓட்டத்தில் தளர்ந்துவிடும். பைக்கை நிறுத்திக் கட்டுவதற்கு ராட்செட் பெல்ட்டே ஏற்றது. கயிறு, ஏற்றும்போது பின்வாங்காமல் பிடிப்பதற்கு மட்டும்.

## பைக்கைத் தயார் செய்தல்

1. ஓடிவந்த பைக் என்றால் குறைந்தது அரை மணி நேரம் ஆற விட வேண்டும். ஏற்றும்போது கெண்டைக்காலில் பெரும்பாலும் படுவது சைலன்சர்தான்.
2. சைடு பெட்டி, டேங்க் பை, கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.
3. டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் தேவையில்லை. கார்புரேட்டர் உள்ள பழைய பைக்கில் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும்.
4. இரண்டு டயர்களிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். காற்று குறைந்த டயர் தள்ளும் பாரத்தைக் கூட்டும்; கட்டிய பிறகு பைக்கை ஆட்டும்.
5. ஹேண்டில் பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும்.
6. கிளட்சை அழுத்தி, முதல் கியரில் போட்டு, பைக்கை முன்னும் பின்னும் சில முறை உருட்டிப் பார்க்க வேண்டும். பல நாள் நின்ற பைக்கில் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்; இப்படி உருட்டினால் விடுபடும்.

ஆறாவது படியைத் தவிர்க்கவே கூடாது. மேலே ஏறும் பைக் பின்னோக்கி நழுவினால் எடை முழுவதும் பின்சக்கரத்தின் மேல் இருக்கும். அப்போது முன்பிரேக்கைப் பிடித்தால் பாரமில்லாத முன்சக்கரம் நின்றபடியே வழுக்கிக்கொண்டு வரும். பின்பிரேக்கின் மிதியோ, பைக்கின் பக்கத்தில் நடப்பவரின் காலுக்கு எட்டாது. எஞ்சின் அணைந்து முதல் கியரில் இருக்கும் பைக்கில் கிளட்சை விட்டாலே பின்சக்கரம் நின்றுவிடும். சாய்தளத்தில் நம்பத்தக்க பிரேக் இதுவே.

குறிப்பு: வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில் கியர் மிதி வலப்புறம் இருக்கும். இடப்புறம் நடப்பவரால் நடுவழியில் கியரை மாற்ற முடியாது. சாய்தளத்துக்கு வருவதற்கு முன்பே முதல் கியரைப் போட்டுவிட வேண்டும்.

## சாய்தளத்தைப் பொருத்துதல்

1. லோடு வண்டியின் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னால் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். பைக் ஏறும்போது லோடு வண்டியை முன்னோக்கித் தள்ளும் என்பதால் கட்டை முன்பக்கமே இருக்க வேண்டும்.
2. பின்கதவை முழுவதும் கீழே தொங்கவிட்டு, சாய்தளத்தின் மேல்முனையைத் தளத்தின் விளிம்பிலேயே அமர்த்த வேண்டும். சங்கிலியில் கிடைமட்டமாக நிற்கும் கதவின் மேல் வைத்தால் பாரம் முழுவதும் அந்தச் சங்கிலிக்கும் கீலுக்கும் போய்விடும்.
3. மேல்முனையை லோடு வண்டியின் சேஸிஸ் அல்லது கயிறு கட்டும் கொக்கியோடு இரண்டு பக்கமும் பிணைக்க வேண்டும்.
4. நடப்பவருக்கான பலகையை இடப்புறம் அரை அடி தள்ளி வைத்து, அதையும் பிணைக்க வேண்டும்.
5. ஒருவர் சாய்தளத்தின் நடுவில் ஏறிக் குதித்துப் பார்க்க வேண்டும். நகர்ந்தாலோ சத்தம் கேட்டாலோ மறுபடி பிணைக்க வேண்டும்.

பைக் ஏற்றும்போது சாய்தளம் நழுவுவது பெரிய ஆபத்து. முன்சக்கரம் ஏறியபின் பின்சக்கரம் சாய்தளத்தைத் தள்ள, பிணைக்காத மேல்முனை விளிம்பிலிருந்து விலகி விழும். மூன்றாவது படிக்கு இரண்டு நிமிடம் போதும். பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதையே.

## யார் எங்கே நிற்பது

மூன்று பேர் தேவை. இரண்டு பேரைக் கொண்டு செய்வதென்றால் கை விஞ்ச் (கையால் இயக்கி இழுக்கும் கருவி) கட்டாயம்.

- ஓட்டுநர்: பைக்கின் இடப்புறம் நடப்பவர். இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில். இடக்கை விரல்கள் கிளட்சில். பைக்கைத் தன் இடுப்பின் பக்கம் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேர் செங்குத்தாகப் பிடித்தால் வலப்புறம் சாயும்போது இழுத்து நிறுத்த முடியாது.
- தள்ளுபவர்: பின்சக்கரத்துக்கு வலப்புறம் பின்னால். பிடிக்க வேண்டியது பின்பக்கக் கைப்பிடிக் கம்பியை அல்லது சேஸிஸை. மட்கார்டு, நம்பர் பிளேட், இண்டிகேட்டர் ஆகியவற்றைப் பிடித்துத் தள்ளக் கூடாது. சக்கரத்துக்கு நேர் பின்னால் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது.
- கயிறு பிடிப்பவர்: தளத்தின் மேல். கயிற்றின் ஒரு முனை பைக்கின் முன் ஃபோர்க் குழாய்களை இணைக்கும் கீழ்ப்பிடிப்பில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனையை, கேபினுக்குப் பின்னால் உள்ள கம்பிச் சட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பைக் முன்னேற முன்னேறத் தளர்வை இழுத்துக்கொண்டே வரலாம். பைக் பின்வாங்கினால் கம்பியில் உள்ள சுற்று அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டுநர் ஒருவரே குரல் கொடுக்க வேண்டும். “தள்ளு”, “நிறுத்து” என்ற இரண்டு சொற்கள் போதும். “நிறுத்து” என்றதும் ஓட்டுநர் கிளட்சை விடுவார், கயிறு பிடிப்பவர் கயிற்றை இறுக்குவார், தள்ளுபவர் முட்டுக்கட்டை வைப்பார். தரையில் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது நல்லது. செருப்பு, லுங்கி, வேட்டி வேண்டாம். கணுக்காலை மூடும் ஷூவும் பேன்ட்டும் அணிந்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை: விழத் தொடங்கிய பைக்கைப் பிடித்து நிறுத்த முயலக் கூடாது. கையை விட்டு விலகிவிட வேண்டும். பைக்குக்கும் லோடு வண்டியின் பக்கச் சுவருக்கும் நடுவில் யாரும் சிக்கும்படி நிற்கக் கூடாது.

## மேலே ஏற்றுதல்

1. பைக்கைச் சாய்தளத்துக்கு நேர்க்கோட்டில் நிறுத்த வேண்டும். கோணலாகத் தொடங்கினால் நடுவில் திருத்த முடியாது.
2. முதல் கியரில், கிளட்சை அழுத்தியபடி, நடை வேகத்தில் முன்சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்ற வேண்டும். ஓடிவந்து வேகத்தில் ஏற்றக் கூடாது.
3. இரண்டு சக்கரங்களும் சாய்தளத்துக்கு வந்ததும் நிறுத்தி, கிளட்சை விட வேண்டும். சாய்தளத்தின் பிணைப்பையும் கீழ்முனையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.
4. இரண்டு மூன்று அடி தள்ளுவது, நிறுத்துவது, கயிற்றை இறுக்குவது என்று மேலே போக வேண்டும். மூச்சு வாங்கினால் கிளட்சை விட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்கலாம். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் கியர் மட்டும் நெடுநேரம் தாங்காது. ஒரு குலுக்கலில் சக்கரம் சற்று உருண்டுவிடும். அதனால் கட்டையும் வேண்டும்.
5. முன்சக்கரம் தளத்தைத் தொட்டதும் நிறுத்தி, அடிப்பாகம் விளிம்பில் தட்டுகிறதா என்று தள்ளுபவர் குனிந்து பார்க்க வேண்டும். தட்டினால் வலிந்து தள்ளக் கூடாது. பைக்கைக் கீழே இறக்கி, நீளமான சாய்தளத்தைத் தேடுவதே வழி.
6. ஓட்டுநர் பலகையிலிருந்து தளத்துக்குக் கால் வைக்கும் இடமே மிகவும் சிக்கலானது. அந்த நேரம் பைக்கின் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும். கிளட்சை விட்டு, கட்டை வைத்து, கயிற்றைச் சட்டத்தில் முடிந்த பிறகே ஓட்டுநர் கால் மாற்ற வேண்டும்.
7. கயிற்றின் முடிச்சை மட்டும் அவிழ்த்து, சட்டத்தில் உள்ள சுற்றை விடாமல் தளர்வை இழுத்தபடியே பின்சக்கரத்தையும் தளத்துக்குள் கொண்டுவந்து, முன்சக்கரம் முன்சுவரைத் தொடும்வரை தள்ள வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சைப் பாதி விட்டு, பைக் தானே ஏற, பக்கத்தில் நடந்து வரும் முறையும் உண்டு. உடல் உழைப்பு குறையும். ஆனால் கிளட்ச் கை நழுவினால் பைக் பாய்ந்து கேபின் கண்ணாடியை இடிக்கும். பழக்கமில்லாதவர்கள் இதை முயலக் கூடாது. சீட்டில் உட்கார்ந்து ஓட்டி ஏற்றுவது எவருக்கும் ஏற்றதல்ல. சாய்தளத்தில் நின்றுவிட்டால் ஊன்றுவதற்குக் காலடியில் தரை இருக்காது.

## நிறுத்திக் கட்டுதல்

கட்டும்போது பைக் இரண்டு சக்கரங்களின் மேல் நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டிலோ சென்டர் ஸ்டாண்டிலோ நிறுத்திக் கட்டுவது தவறு. சைடு ஸ்டாண்டில் பெல்ட் இழுக்கும் விசை முழுவதும் அந்த ஒற்றைக் காலுக்குப் போய் அதை வளைத்துவிடும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடாது. ஒரு பெரிய குழி போதும், பைக் முன்னோக்கி நழுவிவிடும்.

1. முன்சக்கரம் நேராக முன்சுவரில் அழுந்தியிருக்கட்டும். இடையில் பழைய டயரைத் திணிப்பது வழக்கம். அது அமுங்கி அமுங்கி பெல்ட்டைத் தளர்த்தும். மரக்கட்டையே சரி.
2. ஒருவர் பைக்கை நிமிர்த்திப் பிடித்திருக்க, துணி வளையங்களை ஃபோர்க் கீழ்ப்பிடிப்பின் இருபுறமும் மாட்ட வேண்டும். ஹேண்டில்பாரில் கட்டக் கூடாது. அது வளையும், அல்லது பிடிப்பில் சுழன்றுவிடும். பிரேக் குழாயும் வயரும் வளையத்துக்குள் சிக்கக் கூடாது.
3. இரண்டு முன் பெல்ட்டுகளையும் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் வெளிப்புறமாகவும், ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில், தளத்தின் கொக்கிகளில் மாட்ட வேண்டும்.
4. வலம் நான்கு பல், இடம் நான்கு பல் என்று மாறிமாறி இறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கினால் பைக் அந்தப் பக்கம் சாயும்.
5. முன் ஃபோர்க் அமுங்கும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை அமுங்கினால் போதும். கிளாசிக் 350 பைக்கில் அந்தத் தூரம் 130 மி.மீ.; எனவே 45 முதல் 65 மி.மீ. வரை. அதற்கு மேல் இறுக்கினால் ஃபோர்க் ஆயில் சீலில் கசிவு வரக்கூடும். குறைவாக இறுக்கினால் குழியில் ஃபோர்க் மேலும் அமுங்கும்போது பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும்.
6. இரண்டு பின் பெல்ட்டுகளைச் சேஸிஸ் அல்லது பின்பக்கக் கைப்பிடிக் கம்பியின் அடியிலிருந்து, சற்றுப் பின்னோக்கி, இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். பின்சக்கரம் பக்கவாட்டில் நகராமல் தடுப்பதே இவற்றின் வேலை. சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், மட்கார்டு ஆகியவற்றில் கட்டக் கூடாது.
7. கியரில் விட்டு, பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்து, அதை நகராமல் கட்ட வேண்டும்.
8. பைக்கின் கைப்பிடியைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பைக் தனியாக அசையாமல் லோடு வண்டியும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி.

குறிப்பு: சிறு லோடு வண்டிகளில் கயிறு கட்டும் கொக்கிகள் பெரும்பாலும் பக்கச் சுவரின் வெளிப்புறம் இருக்கும். பெல்ட் சுவரின் இரும்பு விளிம்பில் மடங்கி வரும் இடத்தில் சைக்கிள் ட்யூப் துண்டையோ மடித்த சாக்கையோ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விளிம்பே பெல்ட்டை அறுத்துவிடும். பெல்ட்டில் ஒரு அரைத் திருகல் விட்டுக் கட்டினால் காற்றில் படபடக்காது. மிச்சப் பெல்ட்டைச் சுருட்டி முடிச்சிட வேண்டும்.

## வழியில்

- முதல் 10 கி.மீ.க்குள் ஒருமுறை நிறுத்திக் கட்டுகளைப் பார்க்க வேண்டும். டயரும் ஃபோர்க்கும் படிந்து பெல்ட் சற்றுத் தளர்ந்திருக்கும். பிறகு மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.
- வேகத்தடையிலும் குழியிலும் மெதுவாகப் போகும்படி லோடு வண்டி ஓட்டுநரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்.
- பைக்கைப் பிடித்துக்கொள்ள யாரும் தளத்தில் உட்கார்ந்து வரக் கூடாது. பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்படும் கட்டு, சரியான கட்டே அல்ல.
- தளர்வான தார்ப்பாயால் மூடக் கூடாது. அது காற்றில் அடித்து டேங்கின் பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.
- பைக்கின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள் கையில் இருக்க வேண்டும்.

## இறக்குதல்

இறக்குவது எளிது என்ற எண்ணத்தில் அவசரப்படுவதே ஆபத்து. பைக் பின்னோக்கி இறங்குகிறது. கீழே இழுப்பது அதன் சொந்த எடை.

1. இடத்தையும் சாய்தளத்தையும் ஏற்றும்போது அமைத்தது போலவே அமைக்க வேண்டும். இப்போது லோடு வண்டி பின்னோக்கி நகரக்கூடும் என்பதால் சக்கரங்களின் இருபுறமும் கட்டை வேண்டும்.
2. பெல்ட்டை அவிழ்ப்பதற்கு முன் கயிற்றை ஃபோர்க்கில் கட்டி, முன் சட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும்.
3. ஒருவர் பைக்கைப் பிடித்த பிறகே பெல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். முதலில் பின் பெல்ட்டுகள், பிறகு முன் பெல்ட்டுகளை மாறிமாறி. அமுங்கிய ஃபோர்க் துள்ளி எழும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.
4. எஞ்சின் அணைந்து முதல் கியரில் இருக்க, கிளட்சைச் சிறிது அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு, ஓரடி ஓரடியாகப் பின்னோக்கி இறக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் அதே அளவு கயிற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும்.
5. துணைக்கு நிற்பவர் வலப்புறம் சேஸிஸைப் பிடித்து வர வேண்டும். பைக்குக்குக் கீழ்ப்புறம் சாய்தளத்தில் யாரும் நிற்கக் கூடாது.
6. இரண்டு சக்கரங்களும் தரையைத் தொட்டு, சைடு ஸ்டாண்டு போட்ட பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

## தனிச் சூழல்கள்

கிளட்ச் வேலை செய்யாத பைக்: கேபிள் அறுந்துவிட்டால் கிளட்சைப் பிரேக்காகப் பயன்படுத்த முடியாது. அப்போது நியூட்ரலில் போட்டு, முன் சட்டத்தில் மாட்டிய கை விஞ்சால் இழுக்க வேண்டும். விஞ்சின் பல்சக்கரம் ஒவ்வொரு இழுப்பிலும் பைக்கைப் பிடித்து நிறுத்தும். ஓட்டுநரும் வலப்புறம் ஒருவரும் சாயாமல் பிடித்துவந்தால் போதும். பின்சக்கரத்துக்குக் கட்டை தொடர்ந்து வர வேண்டும்.

விபத்தில் சிக்கிய பைக்: ஃபோர்க் வளைந்திருந்தால் அதில் கயிறோ பெல்ட்டோ கட்டக் கூடாது, சேஸிஸின் முன் குழாயில் கட்ட வேண்டும். பெட்ரோல் கசிகிறதா என்று முதலில் பார்த்து, கசிந்தால் டேங்கைக் காலி செய்த பிறகே ஏற்ற வேண்டும்.

மூலைவாட்டில் நிறுத்தும்போது: பெல்ட்டுகளின் கோணம் இருபுறமும் ஒன்றாக வராது. நீளமான பக்கத்து பெல்ட் விரைவில் தளரும் என்பதால் வழியில் அதை முதலில் பார்க்க வேண்டும்.

சாய்தளம் கிடைக்காதபோது: கனமான பைக்கைத் தூக்கி ஏற்றுவது மாற்று வழி அல்ல. மேடான இடத்துக்கு லோடு வண்டியை வரவழைப்பது, அல்லது சரிந்து இறங்கும் தளம் கொண்ட மீட்பு வண்டியை அமர்த்துவது என்ற இரண்டே வழிகள்தாம் உள்ளன.

## இறக்கிய பின் பார்க்க வேண்டியவை

- ஃபோர்க் குழாய்களில் ஆயில் கசிவு உள்ளதா
- பிரேக் குழாய், கேபிள், வயர் எதுவும் பெல்ட்டில் அழுந்தி நசுங்கியுள்ளதா
- முன், பின் பிரேக்குகள் சரியாகப் பிடிக்கின்றனவா
- டயர்க் காற்று, கண்ணாடி, இண்டிகேட்டர்
- பெட்ரோல் டேப்பைத் திறந்ததும் கார்புரேட்டரில் ஒழுக்கு உள்ளதா

இவை சரியாக இருந்தால் எஞ்சினை இயக்கி, முதல் நூறு மீட்டரை நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு சாலைக்கு எடுத்துச் செல்லலாம்.